கீரை ஆகாது என்று அச்சுக்கோத்தவர்

என் வீட்டுக்காரர் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். மேல மாசி வீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சாபீசு. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீசு எல்லாம் அடிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வெளிவரும். அச்சாபீசு முதலாளிதான் அதற்கு ஆசிரியர். நாங்கள் காளவாசலில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் அங்கே கடைகண்ணி கிடையாது. மேல்காற்று அடித்தால் செங்கல் சூளைப் புகை நேரே என் அடுப்படிக்குள் வந்துவிடும்.

பத்திரிகையில் வருவதை ஊரில் யாரும் படிப்பதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார். அதுவும் தலைகீழாக, எழுத்து எழுத்தாக. ஒரு விஷயத்தைத் தன் கையாலேயே ஈய எழுத்துகளாகப் பொறுக்கி அடுக்கிய மனுஷனுக்கு, அது பொய்யாக இருக்கலாம் என்று தோன்றாது போலிருக்கிறது. நம்பிவிடுவார். அதிலும் கடைசிப் பக்கத்தில் வரும் ஆரோக்கியப் பகுதி என்றால் கேட்கவே வேண்டாம். தக்காளி ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் என்று ஒரு வாரம் வரும். கூடைத் தக்காளி வீட்டுக்கு வரும். இரண்டு மாதம் கழித்துத் தக்காளி குடலைப் புண்ணாக்கும் என்று வரும். வாங்கின தக்காளி எதிர்வீட்டு ஆட்டுக்குப் போகும். காப்பி நரம்பைக் கெடுக்கும் என்றும் கோத்திருக்கிறார், காப்பி மூளைக்குச் சுறுசுறுப்பு என்றும் கோத்திருக்கிறார். இரண்டையும் அந்தந்த வாரம் உண்மையாகவே நம்பினார்.

மை ஒட்டின அந்தத் துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவருவார். கஞ்சிப் பசை தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டுவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சிரிக்க மாட்டேன். அவருடைய அக்கா தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர். அப்போது இவருக்குப் பதினான்கு வயசு. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று அவர் மனசில் ஒரு முள் இருந்தது. அதை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சுவரில் ஒட்டின ஒவ்வொரு துண்டும் அந்த முள்ளின் வேலைதான் என்று எனக்குத் தெரியும்.

யுத்தம் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் நான் முதல்முதலாக உண்டானேன். அந்தச் சமயம் பார்த்து, 'கர்ப்பிணிகள் கவனத்திற்கு' என்று, ஒரு டாக்டர் எழுதுவதாகத் தொடர்ந்து நாலு வாரம் வந்தது. கீரை ஆகாது, அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு, சூலைக் கலைக்கும். முட்டை சூடு, தொடவே கூடாது. ஈரல் கீரல் எல்லாம் மந்தம். மில்லில் தீட்டின வெள்ளை அரிசியைக் குழைய வடித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். உடம்புத் தெம்புக்கு நல்ல டானிக் ஒன்று குடித்தால் போதும். இப்படிப் போனது அது.

நாலு துண்டும் சுவரில் ஏறின. கீரைக்காரி வாசலில் கூப்பிட்டால் இவரே எழுந்து போய், "வேணாம்மா, ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று அனுப்பிவிடுவார்.

என் மாமியார் விளாங்குடியில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். வயல்வேலை செய்து உரமேறின உடம்பு. ஒரு தடவை வந்தபோது, மடியில் கட்டிக் கொண்டுவந்த அரைக்கீரையை அடுப்படியில் வைத்தார். இவர் அதை எடுத்து வெளியே வைத்தார்.

"ஏண்டா, கீரை திங்காமலா உன்னைப் பெத்தேன்?" என்றார் மாமியார்.

"இது டாக்டர் எழுதினது ஆத்தா. உனக்குத் தெரியாது."

"இம்புட்டுக் கீரையில என்னடா கெட்டுப்போகும்?"

இவர் மெதுவாக, "நீ சொன்னதெல்லாம் அக்காவுக்குச் செஞ்சோமே ஆத்தா" என்றார்.

மாமியார் கீரையை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல், வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, வெல்லப்பாகு மாதிரி இருந்த டானிக்கைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆறாம் மாதத்தில் பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கத் தொடங்கியது. பகலில் ஊசியில் நூல் கோப்பேன். அந்தி வந்தால் எல்லாம் போய்விடும். விளக்குச் சுடர் மட்டும் ஒரு பொட்டு மாதிரித் தெரியும். சுற்றிலும் ஒன்றும் இருக்காது. ஆட்டுரலில் இடித்துக்கொண்டேன். நிலைப்படியில் தடுக்கினேன். அவர் பயந்துபோவார் என்று பத்து நாள் மறைத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து முடித்து, பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பரிமாறினேன்.

ஒருநாள் ரசத்தை வட்டிலுக்கு வெளியே, அவர் மடியிலேயே ஊற்றிவிட்டேன். நல்லவேளை, ஆறின ரசம். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் இன்னொரு கரண்டியையும் அதே இடத்தில் ஊற்றினேன். சிரிப்பு நின்றது. விளக்கை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தா, என்னைத் தெரியுதா?"

"விளக்குத் தெரியுது" என்றேன்.

விளக்கை இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆள் அனுப்பி மாமியாரை வரவழைத்தார். மாமியார் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இது மாலைக்கண்ணுடா. மாசமா இருக்கிறவளுக்கு வரும், பெத்தா போயிரும். எனக்கும் வந்துச்சு" என்றார். இவர் சுவரில் ஒட்டின துண்டுகளை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தார். கண்ணைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மறுநாள் காலையில் வண்டி பிடித்து என்னைப் பசுமலைக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா அங்கே குடியிருந்தார்.

நர்சம்மா என் கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒன்றொன்றாகக் கேட்டார்.

"என்ன சாப்பிடுறே?"

"சோறு, ரசம், மோரு."

"கீரை?"

"இல்லைங்கம்மா."

"முட்டை, ஈரல்?"

"இல்லைங்கம்மா."

"ஏன்? பிடிக்காதா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர், சுவரில் ஒட்டினது போக மீதி வைத்திருந்த அதே அச்சுத் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நர்சம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"யாரு எழுதினது?"

"டாக்டரு."

"எந்த டாக்டர்? பேரு?"

"பேரு போடலம்மா."

"எந்த ஊரு?"

"தெரியலம்மா."

"எந்தப் பத்திரிகை இது?"

"நாங்க அடிக்கிறதுதான். நான்தான் கோத்தேன்."

நர்சம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. துண்டுக் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். "கீரையை நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கீரை, முட்டை, ஈரல் ஒண்ணுமில்லாம இருந்த பிள்ளைக பல பேருக்கு இந்த மாதிரி வந்து பாத்திருக்கேன். அதையெல்லாம் குடுத்ததும் சரியானதையும் பாத்திருக்கேன். குடுத்துப் பாருங்க" என்றார். மாமியார் சொன்னதைச் சொன்னோம். "பெத்தா போயிரும்கிறது பல பேருக்கு நடக்கிறதுதான். அதுக்காக அதுவரைக்கும் இவ இருட்டுல கிடக்கணுமா?" என்றார். ஒரு குப்பி மீனெண்ணெயும் கொடுத்தார். அதன் நாற்றம் இப்போது நினைத்தாலும் குமட்டும்.

அன்றைக்கு வேலைக்குப் போனவர் அச்சாபீசில் செய்தது, அவரே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே கோத்து முடித்த கையெழுத்துப் பிரதிகளைச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். வருஷக் கணக்கில் தொங்கும். அதில் தேடி, 'கர்ப்பிணிகள் கவனத்திற்கு' பிரதியை எடுத்திருக்கிறார். ஊதா மையில் எழுதியிருந்தது. அதே ஊதா மை, அதே கையெழுத்தில் கம்பியில் இன்னொரு காகிதமும் இருந்தது. டானிக் விளம்பரம். இரண்டும் ஒரே உறையில் வந்தவை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் முன்னால் போய் நின்றார். பத்து வருஷ வேலையில் அவர் ஆசிரியரிடம் கேள்வி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"அய்யா, இதை எழுதினது டாக்டர்தானா?"

"விளம்பரத்தோட சேந்து வந்துச்சப்பா. கடைசிப் பக்கத்துல ரெண்டு பத்தி இடம் கிடந்துச்சு, போட்டேன்."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"நாலு வாரத்துக்கு இடம் நிரம்புச்சேன்னு பாத்தேன். ஏன், என்ன விஷயம்?"

"அய்யா வீட்ல கீரை சாப்பிடுவீங்களா?"

"தினம் சாப்பிடுறேன். அது இல்லாட்டி எனக்கு வயிறு போகாதே."

"என் வீட்டுக்காரிக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியலைங்கய்யா" என்று சொல்லிவிட்டு, இவர் அங்கேயே, எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவில், அழுதிருக்கிறார்.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றதை நினைத்தால் அந்தக் கோபம் நிற்காது. ஆசிரியர் இறங்கினார். நல்ல கனத்த சரீரம். மஸ்லின் ஜிப்பா. கையில், தோட்டத்தில் ஒடித்த ஒரு பெரிய முருங்கைக் கொப்பு. அதை யாரிடம் கொடுப்பது, எங்கே சாத்துவது என்று தெரியாமல் நடைக்கும் முற்றத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இலையெல்லாம் அவர் ஜிப்பாவில் உதிர்ந்து கிடந்தது.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சமையலில் என் வீட்டுக்காரர் எனக்குத் துணை. எழுத்துப் பொறுக்குகிற விரல் அல்லவா, முருங்கையிலையை அவர் உருவுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காம்பு தங்காது. கையில் ஒட்டியிருக்கும் ஈயமும் மையும் போக, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவின பிறகுதான் கீரையைத் தொட விடுவேன். நான் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல அவர் செய்வார். கீரையை முதலில் மூன்று தண்ணீரில் அலச வேண்டும், அதன் பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் சத்தெல்லாம் அலசின தண்ணீரோடு அங்கணத்துக்குப் போய்விடும். தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பருப்பைக் கடைந்து சேர்க்க வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட வேண்டும். உப்பைக் கடைசியில் போட்டால் கொஞ்சம் போதும். கீரை சுண்டிவிடும் என்பதை மறந்து முதலிலேயே அள்ளிப் போட்டு, முதல் நாள் வாயில் வைக்க முடியாமல் பண்ணினார். ஆட்டு ஈரலைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்குவதற்கும் பழகிக்கொண்டார். கைக்குத்தல் அரிசி திரும்பி வந்தது. ஊறவைத்து வடித்தோம். வடிகஞ்சியில் உப்புப் போட்டு இரண்டு பேரும் குடித்தோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு ஏற்றியாகிவிட்டது. எதிர்ச் சுவரில் கறுப்பாக என்னவோ வரிவரியாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். 'கீரை ஆகாது' என்று இருந்தது. சத்தம் போட்டுப் படித்தேன். இவர் ஓடி வந்தார். இன்னொரு வரியைக் காட்டி, "இது?" என்றார். 'முட்டை சூடு.' "இது?" 'டானிக்.' ஒவ்வொன்றாகச் சுவர் முழுக்க என்னைப் படிக்க வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டார். பசை காய்ந்த காகிதம், சடசடவென்று எரிந்தது.

தையில் மகள் பிறந்தாள்.

பத்திரிகையில் திருத்தம் ஒன்று வந்தது. சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், 'கர்ப்பிணிகள் கீரையைச் சுத்தம் செய்து வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். முன்பு வெளிவந்தது விளம்பரதாரர் அனுப்பியது' என்று. சின்ன எழுத்தாக இருந்தாலும் டானிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். விளம்பரம் நின்றுபோனது. கடைசிப் பக்கத்தில் இடம் காலியாக விழுந்தது.

ஆசிரியர் மறுபடி குதிரை வண்டியில் வந்தார்.

"அம்மா, நீங்க பசுமலை ஸ்கூல்ல எட்டு வரைக்கும் படிச்சவங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. கடைசிப் பக்கத்துக்கு எதாவது எழுதித் தரணும்."

"நான் என்னத்தைங்க எழுத? எனக்கு வைத்தியம் தெரியாதே."

"வைத்தியம் வேணாம். வைத்தியத்தாலதான் இம்புட்டும். இன்னைக்கு வீட்ல என்ன சமைச்சீங்க?"

"வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு."

"அதை எழுதுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. பெயர் போடாமல், 'ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து' என்று வாராவாரம் வந்தது. நான் எழுதுவேன், இவர் கோப்பார். எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் மூன்று தடவை செய்து, நாங்கள் சாப்பிட்டு, வயிறு ஒழுங்காக இருந்ததைத்தான் எழுதுவேன். இது அந்த நோய்க்கு நல்லது, இந்த நோயைத் தீர்க்கும் என்று ஒரு வரி எழுத மாட்டேன். இவர் ஒருபடி மேலே போனார். வேறு யாராவது ஆரோக்கியச் செய்தி அனுப்பினால், கோப்பதற்கு முன்னால் அதை ஆசிரியரிடம் எடுத்துப்போய், "அய்யா, இது யாரு சொன்னது? சொன்னவரு எதாவது விக்கிறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத்து அடுக்குகிற ஸ்டிக்கைக் கையில் எடுப்பார். ஆசிரியருக்குச் சில நாள் எரிச்சல் வரும். "நீ கம்பாசிடரா, கலெக்டரா?" என்பார். ஆனாலும் போய்ப் படித்துப் பார்ப்பார்.

கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் நான் எழுதாததைத்தான் கேட்டார்கள். எந்தக் கீரை சாப்பிட்டால் முடி வளரும், எந்தக் காய் சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று. 'எனக்குத் தெரியாது' என்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

"தெரியாதுங்கிறதையா பத்திரிகையில போடுறது?" என்றார் ஆசிரியர்.

"தெரியாததைத் தெரியாதுன்னு போடுங்கய்யா" என்றார் என் வீட்டுக்காரர், நான் சொல்வதற்கு முன்னால்.

போட்டார்கள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த நானும் ஒருநாள் சறுக்கினேன். யுத்த காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்து, ரேசன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமையை அளந்து போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு கோதுமை மூட்டையைப் பார்த்துப் பெண்கள் முழித்தார்கள். ஆசிரியர் அவசரப்படுத்தினார். நான் மூன்று தடவை செய்து பார்க்காமல், ஒரே தடவை செய்துவிட்டு எழுதிவிட்டேன். கோதுமையை முழுசாக ஊறவைத்து, அரிசி மாதிரியே பானையில் வடித்துச் சாப்பிடலாம் என்று. எனக்கு முதலில் கிடைத்தது மெல்லிசான கோதுமை, வெந்துவிட்டது. அடுத்து ஊருக்கு வந்தது தடித்த சிவப்புக் கோதுமை. எரித்த விறகு போனதுதான் மிச்சம், பாதி வேகவில்லை. எங்கள் வீட்டிலேயே மகளுக்கு வயிற்றுவலி. எதிர்வீட்டம்மா, எழுதினது நான்தான் என்று தெரியாமல், என்னிடமே வந்து, "எவளோ ஒருத்தி பேப்பர்ல எழுதியிருக்கா பாருங்க, கையில கிடைச்சா…" என்று பல்லைக் கடித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. "தப்புன்னு எழுதிக் குடு. பெரிய எழுத்துல கோக்குறேன்" என்றார். சொன்னபடியே அந்த அச்சாபீசில் இருந்ததிலேயே பெரிய எழுத்தில், கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கு வைத்திருந்த எழுத்தில், கோத்தார். 'கோதுமை பற்றிச் சென்ற வாரம் எழுதியது தவறு.' ஆசிரியர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மாற்றவில்லை.

தவறு என்று சொல்லிவிட்டேனே தவிர, சரியானது எது என்று எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் ரேசன் கடை வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். விளாங்குடிப் பக்கம் வயல்வேலைக்குப் போகிறவர். இடுப்பில் பிள்ளை. அவருக்கு எழுத்துத் தெரியாது, அடுத்த வீட்டுப் பையன் பேப்பரை வாசித்துக் காட்டுவானாம்.

"அந்தப் பேப்பர்க்காரியே தப்புன்னு ஒத்துக்கிட்டாளாம்த்தா" என்றார் என்னிடம். "நான் அன்னைக்கே சொன்னேன், இதை முழுசா வேகவச்சா எப்படி வேகும்னு. நம்ம சோளத்துக்கு என்ன செய்வோம்? வெறுஞ்சட்டியில வாசம் வர வறுத்து, திருகையில ஒண்ணு ரெண்டா உடைச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டுக் கிண்டணும். கடைசியில மோரு ஊத்தி ரெண்டு சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டா என்னமா இருக்கு தெரியுமா?"

"எம்புட்டுக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு நாலு. பிள்ளைகளுக்குன்னா அஞ்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, மனசுலயே எழுதி வச்சுக்கிறவ மாதிரி நிக்கிற?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கோதுமையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கே வறுத்து உடைத்தேன். மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன்.